ஒரு முழத் தையல்

எங்கள் சபையில் இஸ்ரவேல் என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் பாக்குக் கடை, ஒருவர் கோர்ட்டு குமாஸ்தா, மூன்றாமவர் தையற்காரர். அடையாளத்துக்காக மூன்றாமவரை ஓய்வுநாள் இஸ்ரவேல் என்போம். கேலிப் பெயர்தான். அதை வைத்தவன் நான். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார், ஆற்றுப்பக்கத்துச் சிறு சபைக்குக் காரியதரிசி, பெயர் ஞானசிகாமணி. ஞானமெல்லாம் பெயரோடு சரி என்று என் மனைவி சொல்லுவாள். அவள் சொன்னதில் தப்பில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

'தையற்காரர் இஸ்ரவேல், சண்டைக்குப் போய் உயிரோடு திரும்பினார்' என்று சபைப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. நான் எழுதிய வரி. அதில் பொய் இல்லை, உண்மையும் இல்லை. அவர் முடிக்காமல் விட்ட ஒரு முழத் தையலோடு ஒரு மனிதர் கடலுக்கு மேலே பறந்து போய்ச் செத்தார். அந்தத் தையலை விடும்படி எழுதியவன் நான். இதைச் சொல்லாமல் இஸ்ரவேலின் கதையைச் சொல்ல முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் கோவில் மணி அடித்தால் இஸ்ரவேல் கையில் இருக்கிற துணியை அப்படியே மடித்து வைத்துவிடுவார். இன்னும் நாலு தையல்தான் என்ற பேச்சே கிடையாது. மிஷின் ஊசியைக் கழற்றி, கை ஊசிகளோடு சேர்த்துச் சிவப்புப் பஞ்சு மெத்தையில் குத்தி, மெத்தையைப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிடுவார். திங்கள் விடியும்வரை அந்த வீட்டில் ஊசி என்ற சாமானே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சட்டைப் பித்தான் அறுந்தால் உடைமுள்ளால் குத்திக்கொண்டு ஆராதனைக்கு வருவார். அதற்காகவே உடைமரத்தின் நீளமான வெள்ளை முட்களை ஒடித்துக் காயவைத்துத் தகர டப்பி ஒன்றில் வைத்திருந்தார். பிரசங்கம் நீண்டால் முள் இடம் மாறிக் குத்தும். இஸ்ரவேல் நெளிவார், பக்கத்தில் இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவருக்கு அதெல்லாம் எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி.

1911ஆம் வருஷம் என்று நினைக்கிறேன். நாங்குநேரி ஐயம்பெருமாள் பிள்ளை தம் மகன் கல்யாணத்துக்குக் கோட்டு ஒன்று தைக்கக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை முகூர்த்தம். ஞாயிறு காலையில் வில்வண்டியில் வந்து இறங்கினால், கோட்டுக்கு ஒரு கை இன்னும் சேர்க்கவில்லை. நான் அப்போது அங்கேதான் நின்றேன்.

"ஒரு கைதான வே பாக்கி. அரைமணி வேலை. மாப்பிள்ளை ஒத்தக் கையோட மணவறையில உக்காரவா?" என்றார் பிள்ளை.

"நாளைக்கு வெள்ளி முளைக்க வாங்க அண்ணாச்சி. குடுத்திருதேன்."

"நாங்குநேரிக்கு வண்டி போய்ச் சேரவே அரைநாள் ஆவுமே."

"அப்பம் கையில்லாமக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டு இஸ்ரவேல் கோவிலுக்குப் புறப்பட்டார்.

பிள்ளை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுக் கோட்டைச் சுருட்டிக்கொண்டு போனார். வேறொரு இடத்தில் அந்தக் கையைச் சேர்த்தார். தாலி கட்டக் கையைத் தூக்கிய மாத்திரத்தில் அந்தக் கைதான் தோளோடு பிரிந்ததாம். இஸ்ரவேல் தைத்த பாகம் மட்டும் அசையவில்லை. அடுத்த மாதமே பிள்ளை திரும்பி வந்தார். "திமிரு பிடிச்ச பயதான். ஆனா அவன் தையல் பிரியாது வே" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நானும் சொன்னேன். ஊரில் ஒருவர் வைராக்கியமாக இருந்தால் மற்றவர்களுக்கு எவ்வளவு சுகம். அவருடைய முள் நம்மைக் குத்துவதில்லை.

அவர் மனைவி கெசியா. மிஷன் பள்ளியில் படித்தவள். என்னைவிட அழகாக எழுதுவாள், தடுக்காமல் வாசிப்பாள். பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. புருஷனும் பெண்சாதியும் ஒருவருக்கொருவர் என்று இருந்தார்கள்.

ஐரோப்பாவில் சண்டை மூண்டு மூன்றாம் வருஷம் துணி விலை ஏறி, புதுச்சட்டை தைப்பவர்களே இல்லாமல் போனார்கள். மிஷின் வாரக்கணக்கில் சும்மா கிடந்தது. அப்போதுதான் சமுத்திரத்துக்கு அப்பால் பட்டாளத்துக்குக் கூடாரமும் உடுப்பும் தைக்கத் தையற்காரர்கள் வேண்டும் என்று ஆள் எடுக்க வந்தார்கள். இஸ்ரவேல் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஞாயித்துக்கெழம லீவு உண்டா?" எழுதிக்கொண்டிருந்த ஆள் தலையைத் தூக்காமலே உண்டு என்றான். 1917 ஜூலையில் ஊசி மெத்தையையும் முள் டப்பியையும் எடுத்துக்கொண்டு அவர் ரயில் ஏறினார்.

முதல் கடிதம் எகிப்து தேசத்துப் போர்ட் சையதிலிருந்து வந்தது. கெசியாவுக்கு எழுதிய கடிதம். நான் போய் வாங்கிக்கொண்டு வந்து சபையில் வாசித்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியும், வாசித்தும் இருந்தாள். ஆனாலும் எங்கள் சபையில் கடல் கடந்து போன முதல் ஆள் அவர் அல்லவா? தவிரவும் என் குரல் நல்ல குரல் என்று எனக்கு ஓர் எண்ணம். பின்வரிசை வரைக்கும் கேட்கும்படி உரக்க வாசிப்பேன்.

'இங்கே படகு பறக்கிறது என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். அடிப்பாகம் மரத் தோணி. நம்முடைய ஆற்றில் வெள்ளம் வந்தால் விடலாம். அதற்கு மேலே கோவில் அகலத்துக்கு இறக்கை, மேலொன்று கீழொன்று. இறக்கை என்பது மரச் சட்டமும் அதன்மேல் இழுத்துக் கட்டிய துணியும்தான். அந்தத் துணியைச் சட்டத்தோடு சேர்த்துத் தைப்பது என் வேலை. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. ஒன்று அறுந்தால் மற்றது ஓடக்கூடாது. தைத்த பிற்பாடு ஒரு மருந்து பூசுகிறார்கள், துணி மேளத்தோல்போல இறுகிவிடும். அழுகின வாழைப்பழ வாசனை அடிக்கும். தலை சுற்றும்.'

"படகு பறக்குதாமா? அங்கன கள்ளு கிடைக்கும் போலருக்கே" என்றார் பாக்குக் கடை இஸ்ரவேல். சபை சிரித்தது. ஆனாலும் முடிவில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

இரண்டாம் கடிதத்தில் டன்பார் துரை வந்தார். அந்தப் படகுகளில் ஒன்றை ஓட்டுகிறவர், லெப்டினென்ட், இருபத்துநாலு வயது. கனடா தேசம். ஆறு உறைந்து அதன்மேல் மாட்டுவண்டி போகிற ஊர் என்று இஸ்ரவேல் எழுதியதையும் எங்களில் பாதிப்பேர் நம்பவில்லை. துரையின் தாயார் ஞாயிற்றுக்கிழமை அடுப்புப் பற்றவைக்கமாட்டார்களாம், சனிக்கிழமையே சமைத்து வைத்துவிடுவார்களாம். அதனால்தானோ என்னவோ இஸ்ரவேலை அவருக்குப் பிடித்துப் போயிற்று.

அந்தத் துரைக்கு ராஜா வெள்ளிச் சிலுவை கொடுத்தார். இதை வாசித்ததும் சபையில் பெரிய ஆமென். பக்திக்குக் கொடுத்த சிலுவை என்று நினைத்துக்கொண்டார்கள். கடலுக்கு அடியில் ஒளிந்து போகிற எதிரிக் கப்பல் ஒன்றை மேலிருந்து குண்டு போட்டு, உள்ளே இருந்தவர்களோடு மூழ்கடித்ததற்காகக் கொடுத்தது. எனக்கு அது தெரியும். நான் திருத்தவில்லை.

சிலுவைக்கு அடையாளமாகக் கோட்டில் ஒரு ரிப்பன் தைத்துக்கொள்ள வேண்டுமாம். ரிப்பன் வந்தது சனிக்கிழமை பொழுதடைந்து. மறுநாள் காலை எல்லோரும் அணிவகுத்து நிற்க, தளபதி வருகிறார். துரை ரிப்பனைக் கொண்டுவந்து நீட்டினார். இஸ்ரவேல் ஊசியை எடுக்கவில்லை. டப்பியைத் திறந்து இரண்டு உடைமுள்ளை எடுத்துக் குத்திவிட்டார். பாளையங்கோட்டை முள்ளோடு துரை தளபதிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறார். திங்கட்கிழமை இஸ்ரவேல் நாலு பக்கமும் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். துரை சிரித்துவிட்டு, கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிப் போட்டாராம்: ஞாயிற்றுக்கிழமை இஸ்ரவேலிடம் யாரும் ஊசி கொடுக்கக் கூடாது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. 'சமுத்திரத்துக்கு அப்பால் ஒரு சாட்சி' என்று தலைப்புப் போட்டு எழுதி மிஷன் பத்திரிகைக்கு அனுப்பினேன். அச்சில் வந்தது, அடியில் என் பெயரோடு. வள்ளியூரிலிருந்தும் கங்கைகொண்டானிலிருந்தும் ஆட்கள் விசாரித்து எழுதினார்கள். கேலிக்கு வைத்த பெயர் மரியாதைப் பெயராகிவிட்டது. நானும் ஓய்வுநாள் இஸ்ரவேலுக்கு வேண்டிய மனிதன் என்று தெருவில் தலைநிமிர்ந்து நடந்தேன்.

1918 பிப்ரவரியில் மூன்றாம் கடிதம் வந்தது. அது கெசியாவுக்கு அல்ல, எனக்கு.

'வாத்தியாரையாவுக்கு ஸ்தோத்திரம். மனது கலங்கி எழுதுகிறேன். இங்கே கப்பல்கள் அடிக்கடி முழுகுகின்றன. படகு கிழிந்து சனிக்கிழமை வந்தால் ஞாயிறே திரும்பப் போகவேண்டியிருக்கிறது. துரை என்னைக் கேட்பதில்லை. கேட்காததுதான் எனக்குக் கஷ்டமாயிருக்கிறது. போன இரண்டு ஞாயிறும் யாரும் சொல்லாமல் நானே ஊசியை எடுத்தேன். குழியில் விழுந்த ஆட்டை ஓய்வுநாளில் தூக்கலாம் என்று வேதத்தில் இருக்குமானால் இது தகாதோ? நான் செய்தது சரியா தப்பா, நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள். நீங்கள் எழுதுகிறபடி நடக்கிறேன்.'

இந்தக் கடிதத்தை நான் சபையில் வாசிக்கவில்லை. கெசியாவிடம் காட்டவில்லை. குருவானவரிடமும் கேட்கவில்லை. அவரிடம் கேட்டிருந்தால் தை என்றுதான் சொல்லியிருப்பார், அவர் இளகிய மனசுக்காரர். பத்திரிகையில் அச்சான சாட்சி பொய்த்துப் போகுமே என்பது ஒன்றுதான் அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றைக்கே பதில் எழுதினேன்.

'சபை முழுவதும் உமக்காக ஜெபிக்கிறது. உமது சாட்சி தேசமெங்கும் போயிருக்கிறது. இப்போது பின்வாங்கினால் அநேகர் இடறிப்போவார்கள். ஊசியைத் தொடவேண்டாம். கர்த்தர் அந்தத் துரையைப் பார்த்துக்கொள்வார்.'

எழுதி முடித்ததும் நல்ல காரியம் செய்த திருப்தியோடு காப்பி குடித்தது நினைவிருக்கிறது.

அதன்பின் கெசியாவுக்கு இரண்டு கார்டுகள் வந்தன. சுகமாயிருக்கிறேன் என்பதற்கு மேல் அவற்றில் ஒன்றுமில்லை. செப்டம்பர் கடைசியில் இஸ்ரவேலே வந்துவிட்டார். மருந்து நெடியில் நெஞ்சு கெட்டுவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். ஆற்றுப் பாலத்து ரயில் ஸ்டேஷனுக்கு மாலையோடு பத்துப் பேர் போயிருந்தோம். இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கெசியாதான் முதலில் நடந்து போய் அவர் கையிலிருந்த மூட்டையை வாங்கினாள்.

"ஞாயித்துக்கெழம நீர் சாட்சி சொல்லணும் வே. சபையே காத்துக்கிட்டு இருக்கு" என்றேன் வண்டியில்.

"சொல்லுதேன்" என்றார்.

"துரை சௌக்கியம்தான?"

ஆற்றில் குளிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். "அதையும் அன்னைக்கே சொல்லுதேன் வாத்தியாரையா" என்றார். நான் மாலைகளைச் சரிப்படுத்துகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு கோவிலில் உட்கார இடமில்லை. குருவானவர் இஸ்ரவேலை முன்னால் அழைத்து நிறுத்தினார். அவருக்கு நடுவே நடுவே இருமல் வந்தது. அவர் சொன்னதை எனக்கு நினைவிருக்கிற மட்டும் எழுதுகிறேன்.

"டன்பார் துரை செத்துப் போனாவ. மார்ச்சு மாசம். எப்படின்னு சொல்லுதேன். ஒரு சனிக்கெழம படகு வந்திச்சு. கீழ இறக்கையில ரெண்டு ஆள் நீளத்துக்குத் துணி கிழிஞ்சு தொங்குது. குண்டு பட்டது. இன்னொரு தையக்காரன் காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடக்கான். நான் ஒருத்தன்தான். மத்தியானத்துல இருந்து தச்சேன். ஒரு முழம் பாக்கி இருக்கும்போது பொழுது அடைஞ்சிட்டு. கால்மணி நேர வேலதான். நான் ஊசிய மெத்தையில குத்திட்டேன். திங்கக்கெழம பாத்துக்கிடலாம், ஒண்ணும் அவசரமில்லன்னு துரையும் சொன்னாவ.

"ஞாயித்துக்கெழம காலையில தந்தி வருது. ஏதோ கப்பல அடிச்சிட்டான், ஆளுக தண்ணியில கெடக்குதாவன்னு. மத்த படகெல்லாம் வெளிய போயிருக்கு. துரை எங்கிட்ட வந்தாவ. அந்த ரிப்பனுக்குப் பொறவு ஒருநாளும் கேட்டதில்ல. அன்னைக்குக் கேட்டாவ. ஒரு முழம்தான இஸ்ரவேல்ன்னாவ.

"நான் என்ன சொன்னேன்னா, சாமி உங்கள பாத்துக்கிடுவாரு துரைன்னேன்.

"அவங்க கோவிக்கல. என் டப்பியில இருந்து முள்ள எடுத்து அவங்க கையாலயே வரிசையாக் குத்தி, மேல ஒரு துண்டுத் துணிய ஒட்டி, மருந்தப் பூசுனாவ. எனக்கு எங்க அம்மா ஞாபகம் வருதுன்னு சிரிச்சாவ. அது காயுமுன்ன ஏறிப் போயிட்டாவ.

"தண்ணியில எறங்கி நாலு பேரத் தூக்கி ஏத்தியிருக்காவ. திரும்ப எழும்பையில படகு ஒருபக்கமா சாஞ்சு குப்புற விழுந்திட்டு. பின்னால வந்த கப்பல்காரன் மத்தவங்களத் தூக்கிட்டான். துரை உள்ள மாட்டிக்கிட்டாவ. துணி சட்டத்த விட்டுப் பிச்சுக்கிட்டுப் போனதப் பாத்தேன்னு ஒருத்தன் சொன்னான். அலைதான் அடிச்சுதுன்னு இன்னொருத்தன் சொன்னான். என்னைய ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. நான்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

"செவ்வாக்கெழம கரையில ஒதுங்கியிருந்தாவ. மூஞ்சி அடையாளமில்ல. கோட்டுல அந்த ரிப்பன் இருந்திச்சு. நான் தச்சது. அதுல ஒரு நூலு பிரியல."

அதோடு நிறுத்திவிட்டுத் தம் இடத்தில் போய் உட்கார்ந்தார். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

அப்போது நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். சாமி பார்த்துக்கொள்வார் என்பது அவர் வார்த்தை இல்லை, என் வார்த்தை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. குருவானவர் ஒரு பாட்டு எடுத்துக் கொடுத்தார். எல்லோரையும்விட உரக்கப் பாடியவன் நான்தான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை நேரத்தில் தெருக்கோடியிலிருந்து தையல் மிஷின் சத்தம் வந்தது. பிரசங்கம் நின்றே போயிற்று. சபைப் பெரியவர்களான மூப்பர்கள் போய்ப் புத்தி சொன்னார்கள். "பாக்கி இருக்கு, தைக்கேன்" என்று மட்டும் சொன்னாராம். அவர் மனந்திரும்பும்வரை நற்கருணைக்கு வரக்கூடாது என்று சபைக் கூட்டத்தில் மூப்பர்கள் பேசி முடித்தார்கள். அதையும் புத்தகத்தில் எழுதியவன் நான். நல்ல எழுத்தாகவே எழுதினேன்.

அந்த மையின் ஈரம் காய்வதற்குள் விஷக்காய்ச்சல் வந்தது. உலகமெல்லாம் வந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். எங்களுக்கு எங்கள் தெருதான் உலகம். ஐப்பசி மழையோடு வீட்டுக்கு ஒருவராகச் சாய்ந்தார்கள். காலையில் தலைவலி என்றவர்கள் மூன்றாம் நாள் இல்லை. பாக்குக் கடை இஸ்ரவேல் போனார். குருவானவரின் மூத்த மகள் லில்லி போனாள். சவப்பெட்டி அடிக்கப் பலகை தீர்ந்துபோயிற்று. கோடித் துணியில் சுற்றித் தைத்துத்தான் மண்ணுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. தைப்பதற்கும் ஆள் இல்லை. தையற்காரர்களில் பாதிப்பேர் படுக்கையில், மீதிப்பேர் செத்த வீட்டுக்குள் கால் வைக்கப் பயந்தார்கள்.

ஓய்வுநாள் இஸ்ரவேல் வீடு வீடாகப் போனார். திங்கள் என்றும் ஞாயிறு என்றும் பார்க்கவில்லை. இருமிக்கொண்டே குந்தி உட்கார்ந்து, தலையிலிருந்து கால்வரை தைத்து, ஒவ்வொரு தையலுக்கும் முடிச்சுப் போட்டார். லில்லிக்குத் தைத்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். குருவானவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விலக்கு வைத்த மூப்பர்கள் தங்கள் வீட்டில் சாவு விழுந்ததும் அவரைத்தான் தேடி ஓடினார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை. அதனால் அவர் முகத்தைப் பார்க்காமலே நான் தப்பிவந்தேன்.

நவம்பரில் ஒரு ஞாயிறு காலை கெசியா ஆளனுப்பினாள். போனபோது எல்லாம் முடிந்திருந்தது. மூன்று நாள் காய்ச்சல். ஏற்கெனவே கெட்ட நெஞ்சு தாங்கவில்லை. பாயில் கிடத்தி, கோடித் துணியால் சுற்றி வைத்திருந்தாள். பக்கத்தில் சிவப்பு மெத்தை.

"பொழுது சாயமுன்ன எடுக்கணும். தைக்கணும் வாத்தியாரையா" என்றாள்.

"ஆளப் பாத்துட்டு வாரேன் கெசியா."

"ஆளு வேண்டாம். நீங்க தையுங்க."

எனக்கு ஊசி பிடிக்கத் தெரியாது என்றேன். அவளுக்கு நன்றாகத் தைக்கத் தெரியும் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய அவர் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். மடிப்பெல்லாம் நைந்து, நாலு துண்டாகப் பிரிகிற நிலைமை. பின்பக்கம் மெல்லிய துணி வைத்து ஒட்டியிருந்தார். என் கையெழுத்து.

"அவுக சபையில பேசுன அன்னைக்கே வாசிச்சேன். யாருட்டயும் சொல்லாதன்னாவ. வாத்தியாரு நல்லதுன்னு நெனச்சுத்தான் எழுதுனாரு, அதாலதான்னு அந்த மனுசனுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாருன்னாவ" என்றாள்.

எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எழுதின கைக்குத் தெரியாதா? ஆனாலும் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் அழுதேன். அவள் அழவில்லை. ஊசியில் நூலைக் கோத்து என் கையில் கொடுத்தாள்.

தைத்தேன். பாதத்திலிருந்து தொடங்கினேன். இரண்டு தரம் விரலில் குத்தியது. கோணல் மாணலாகப் போயிற்று. ஆராதனை முடிந்து வந்தவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். காரியதரிசி ஞாயிற்றுக்கிழமை ஊசியும் கையுமாக உட்கார்ந்திருப்பதை எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. நெஞ்சுக்கு மேலே ஒரு முழம் பாக்கி இருந்தபோது கை ஓய்ந்துவிட்டது. நிறுத்திவிட்டுக் கெசியாவைப் பார்த்தேன். அவள் ஊசியை வாங்கிக்கொள்ளவில்லை. மிச்சத்தையும் நானே தைத்தேன். கடைசித் தையலை அவள் இழுத்துப் பார்த்தாள்.

"முடிச்சு" என்றாள்.

முடிச்சுப் போட்டேன்.

மழைக்கு நடுவே புதைத்துவிட்டு வந்தோம். அன்று சாயங்கால ஆராதனைக்கு முப்பது பேர்கூட இல்லை. கெசியா நனைந்த சேலையோடு பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருந்தாள். குருவானவரிடம் அனுமதி கேட்டு எழுந்தேன். முதலில் இஸ்ரவேல் எனக்கு எழுதிய கடிதத்தை வாசித்தேன், ஒன்பது மாதமாக என் மேஜைக்குள் கிடந்த கடிதம். பிறகு கெசியாவிடம் வாங்கி வந்த என்னுடையதை எடுத்தேன். ஊசியைத் தொடவேண்டாம் என்ற இடம் வரைக்கும் வாசித்துவிட்டேன். அடுத்தது, கர்த்தர் அந்தத் துரையைப் பார்த்துக்கொள்வார் என்ற வரி. முணுமுணுத்து முடித்தேன். யாரும் ஆமென் சொல்லவில்லை.

கடைசி வரிசையிலிருந்து கெசியா சொன்னாள்: "பின்னால கேக்கல வாத்தியாரையா. சத்தமா வாசியுங்க."

நான் இன்னொரு தரம் வாசித்தேன்.